கருவியும் பார்வையும்: ஒரு டிஜிட்டல் காமிராவை முன்வைத்து

1

கவிதையும் விமர்சனமும் வெளியிடும் பத்திரிகையில் ஒரு காமிராவைப் பற்றிக் கட்டுரை எதற்கு என்று கேட்கப்படலாம். கேட்கப்படும் என்றே எதிர்பார்க்கிறேன். நம்மிடையே புகைப்படம் இன்னும் கலைகளின் வாசற்படிக்கு வெளியேதான் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. ஓவியத்தைப் பற்றி எழுதுகிறோம். சினிமாவைப் பற்றிச் சண்டையே போட்டுக்கொள்கிறோம். ஆனால் ஒரு எழுத்தாளர் இறந்துபோனால் அட்டையில் போட ஒரு படம் வேண்டுமே என்ற அளவில்தான் புகைப்படம் நம் பிரக்ஞையில் வந்துபோகிறது. எடுத்தவர் பெயர் அனேகமாக இராது. யந்திரம்தானே எடுத்தது என்ற எண்ணம்.

புகைப்படக்காரர்கள் தரப்பைப் பார்த்தால் அங்கே நிலைமை வேறு விதத்தில் மோசம். பேச்செல்லாம் யந்திரத்தைப் பற்றியே. புதிய காமிரா ஒன்று வந்துவிட்டால் அதைக்கொண்டு ஒரு செங்கல் சுவரைப் படம் எடுத்து, அந்தப் படத்தின் மூலையைப் பூதாகாரமாகப் பெருக்கி, அங்கே உள்ள செங்கல்லின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று பார்த்து மார்க் போடுகிறார்கள். இதற்கு மதிப்புரை என்று பெயர். வெண்பாவில் தளை தட்டுகிறதா என்று பார்த்துக் கவிஞனுக்கு மார்க் போட்ட பண்டிதர்களை நான் நினைத்துக்கொள்கிறேன். தளை பார்ப்பது தவறில்லை. ஆனால் தளை பார்த்து முடித்ததும் மதிப்பீடும் முடிந்துவிட்டது என்று எழுந்துபோனார்கள் பாருங்கள், அங்கேதான் தகராறு.

இந்த இரண்டு தரப்பும் வெளிப்பார்வைக்கு எதிரெதிரானவை. அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றே: கருவி வேறு, பார்வை வேறு, இரண்டுக்கும் சம்பந்தமில்லை. முதல் தரப்பு கருவியைக் கேவலமாக நினைக்கிறது. இரண்டாவது தரப்பு அதைப் பூஜிக்கிறது. எனக்கோ ஒவ்வொரு கருவியும் ஒரு பார்வையை நம் முன் வைத்து, ‘இப்படிப் பாரேன்’ என்று சொல்வதாகவே தோன்றுகிறது. அதற்கு இணங்கலாம், அதோடு மல்லுக்கு நிற்கலாம். அது சொல்வது காதில் விழாமல் படம் எடுப்பவனைத்தான் எனக்குப் பயம். ஆகவே ஒரு காமிராவை மதிப்பிடுவது என்றால், அது நம்மிடம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விட்டுவிடுகிறது என்று பார்ப்பதே சரியான வழி என்று நினைக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டிருப்பது ஃபூஜிஃபில்ம் ஜி.எஃப்.எக்ஸ். 50எஸ் என்ற காமிரா. நண்பர் ஒருவரிடமிருந்து இரவலாக வந்து சில மாதங்கள் என்னிடம் இருந்தது. 2016 செப்டம்பரில் கொலோன் நகரத்து ஃபோட்டோகினா கண்காட்சியில் அறிவிக்கப்பட்டு, 2017 தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. உடல் மட்டும் அன்று 6,499 டாலர். 63 மி.மீ. லென்ஸுக்கு இன்னும் 1,500 டாலர். நம் கணக்கில் லென்ஸ் இல்லாமலே நாலு லட்ச ரூபாய்க்கு மேல். இன்று அது உற்பத்தியில் இல்லை. பழைய சாமானாகக் கைமாறுகிறது. புதிதைவிட்டுப் பழையதைப் பேசுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. விளம்பரத்தின் இரைச்சல் அடங்கிவிட்டது. கருவி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

2

முதலில் பெயர். ‘மீடியம் ஃபார்மட்’ என்ற பெயரில் ஒரு பரம்பரையின் கௌரவம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கௌரவத்துக்கு இந்தக் காமிரா எவ்வளவு தூரம் உரியது என்பதைச் சின்னக் கணக்கு ஒன்று சொல்லிவிடும். 35 மி.மீ. ஃபிலிமின் சட்டம் 36×24 மி.மீ.; பரப்பு 864 சதுர மி.மீ. 120 ஃபிலிமில் எடுக்கப்பட்ட ‘ஆறுக்கு ஆறு’ சதுரம் உண்மையில் 56×56, பரப்பு 3,136. அதாவது மூன்றரை மடங்குக்கும் மேல். இந்தக் காமிராவின் சென்ஸார் 43.8×32.9, பரப்பு 1,441. சிறிய சட்டத்தைப்போல ஒன்றும் மூன்றில் இரண்டு பங்கும். பழைய சதுரத்தில் பாதிகூட இல்லை. இதைவிடப் பெரிய, இதைவிடப் பன்மடங்கு விலையுள்ள டிஜிட்டல் பின்பாகங்கள் உண்டு. அவற்றின் 53.4×40 மி.மீ. சென்ஸாரும்கூடப் பழைய ‘ஆறுக்கு நாலரை’ச் சட்டத்தை எட்டவில்லை. ஆக, பெயர் பரம்பரைச் சொத்து, உடம்பு இடைப்பட்டது.

அடுத்தது, ‘மீடியம் ஃபார்மட் தோற்றம்’ என்று ஒன்றைப் பற்றி ரகசியம் பேசுவதுபோல் பேசுகிறார்கள். ஏதோ ஒரு ஆழம், ஏதோ ஒரு முப்பரிமாணத்தன்மை, சொல்லில் அகப்படாத ஒன்று. சொல்லில் அகப்படாத ஒன்று என்று விமர்சகன் சொல்லும்போது நான் உஷாராகிவிடுவேன். தூரமும் அண்மையும் படத்தில் எப்படி விழும் என்பது காமிரா எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது; சென்ஸாரின் அளவுக்கு அதில் பங்கில்லை. பின்னணி எவ்வளவு கரையும் என்பது லென்ஸின் துவாரத்தின் விட்டத்தைப் பொறுத்தது. 63 மி.மீ. லென்ஸ் எஃப் 2.8ல் 22.5 மி.மீ. விட்டம் திறக்கிறது. சாதாரண 35 மி.மீ. காமிராவில் ஏறத்தாழ அதே காட்சியைத் தரும் 50 மி.மீ. லென்ஸ் எஃப் 1.4ல் ஏறக்குறைய 36 மி.மீ. திறக்கும். மங்கலான பின்னணிதான் வேண்டும் என்பவர் நாலு லட்சம் செலவழிக்கத் தேவையில்லை. மாயம் என்று சொல்லப்பட்டதில் பாதி இப்படிக் கழிந்துபோகிறது.

கழித்த பிறகு மிஞ்சுவது என்ன? ஒரே எக்ஸ்போஷரில் சிறிய சென்ஸாரைவிட ஒன்றும் மூன்றில் இரண்டு மடங்கு ஒளி இதன்மேல் விழுகிறது. புகைப்படக்காரர்கள் பாஷையில் முக்கால் ஸ்டாப். அவ்வளவுதான் அளந்து சொல்லக்கூடிய வித்யாசம். பிறகு 51.4 மெகாபிக்ஸல்: நீளவாட்டில் 8,256, குறுக்கே 6,192. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் இருபத்தேழரை அங்குலத்துக்கு இருபதரை அங்குலப் பிரிண்ட். இதே வரிசையில் 2019ல் வந்த ஜி.எஃப்.எக்ஸ். 100, பிறகு 2021லும் 2023லும் வந்தவற்றில் சில, 102 மெகாபிக்ஸல். அவற்றில் பிரிண்ட் முப்பத்தெட்டு அங்குலத்தைத் தாண்டும். நம் சிறுபத்திரிகையின் அட்டைக்கு நாலு அங்குல அகலம் படம் போட்டால் 1,200 பிக்ஸல் போதும். பெரும்பாலான படங்கள் இன்று பார்க்கப்படுவது உள்ளங்கைக்குள் அடங்கும் போன் திரையில். அதற்கும் அவ்வளவே போதும். எங்கே பார்க்கப்படப்போகிறது என்று தெரியாமல் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று கேட்பது, யார் படிக்கப்போகிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் ஆயிரம் பக்கத்துக்கு நாவல் எழுதுவதுபோல.

துல்லியத்துக்கும் உண்மைக்கும் நேரான தொடர்பில்லை என்பதற்கு உதாரணம் தேடி அலையவேண்டாம். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் ராபர்ட் காப்பா எடுத்த படங்களில் ஒரு முகத்தின் ஒரு ரோமத்தைக்கூட எண்ண முடியாது. எல்லாம் கலங்கிக்கிடக்கிறது. அந்தக் கலக்கத்தில்தான் அந்தக் காலைப்பொழுது இருக்கிறது. மறுபுறம் ரிச்சர்ட் அவெடன் 1979லிருந்து 1984 வரை அமெரிக்க மேற்குப் பிராந்தியத்தில் சுரங்கத் தொழிலாளிகளையும் நாடோடிகளையும் வெள்ளைக் காகிதத்தின் முன் நிறுத்தி, எட்டுக்குப் பத்து அங்குல ஃபிலிமில் எடுத்த படங்கள். அங்கே தோலின் ஒவ்வொரு அழுக்கும் தெரிகிறது, தெரியவேண்டும். ஏனெனில் அந்த மனிதர்களைச் சுற்றியிருந்த உலகம் முழுவதையும் அவர் வெள்ளையடித்து அழித்துவிட்டார். உலகம் தோலில்தான் பாக்கியிருக்கிறது. அவெடனுக்கு விவரம் ஒரு முடிவின் விளைவு. செங்கல் சுவர்க்காரர்களுக்கு விவரம் முடிவெடுக்காமலிருக்க ஒரு சாக்கு.

3

பழைய மீடியம் ஃபார்மட்டின் பலம் அதன் சட்டத்தின் பரப்பில் மட்டும் இருந்ததில்லை. அதன் கட்டுப்பாடுகளிலும் இருந்தது. ரோலிஃப்ளெக்ஸையோ ஹாஸல்ப்ளாடையோ எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்கு நேரே பிடித்து, தலையைக் குனிந்து, மேலிருந்து பார்க்கவேண்டும். பிம்பம் இடவலமாக மாறித் தெரியும். ஆள் இடதுபக்கம் போனால் கண்ணாடியில் வலதுபக்கம் போவான். சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள். பதிமூன்றாவது இல்லை. எதிரில் நிற்பவரைக் கண்ணுக்குக் கண் வைத்துக் குறிபார்க்க முடியாது; அவர் முன் தலைகுனிந்துதான் ஆகவேண்டும்.

டயேன் ஆர்பஸ் 1962 வாக்கில் 35 மி.மீ. காமிராவை விட்டு இந்தச் சதுரத்துக்கு வந்தார். 1971ல் இறப்பதற்குள் அவர் எடுத்த முக்கியமான படங்கள் பெரும்பாலும் சதுரமானவை. சிறிய காமிராவின் மணல்மணலான படங்களில் எல்லாப் பொருளும் ஒரே பொருளால் ஆனதுபோல் இருக்கும். சதுரத்தில் துணி துணியாக, தோல் தோலாகப் பிரிகிறது. அதைவிட முக்கியம், அவருடைய ஆட்கள் நின்று, தங்களைக் கொடுக்கிறார்கள். தெருவில் போகிறபோக்கில் பறித்த படங்கள் என்று அவற்றைச் சொல்லமுடியாது. பகல் வெளிச்சத்திலேயே அவர் ஃப்ளாஷ் போட்டார். அது சாத்யமானது அக்காமிராக்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருந்ததால். எந்த வேகத்திலும் ஃப்ளாஷோடு ஒத்துப்போகும். முகத்தைப் பகலிலிருந்து பிடுங்கித் தனியே நிறுத்தும் அந்த வெளிச்சம் ஒரு யந்திர ஏற்பாட்டின் மூலம் கிடைத்தது. கருவியும் பார்வையும் வேறுவேறு என்பவர்கள் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும்.

ஜி.எஃப்.எக்ஸ். 50எஸ்ஸில் ஷட்டர் சென்ஸாருக்கு முன்னால் திரைபோல ஓடுகிறது. ஃப்ளாஷுக்கு உகந்த அதிகபட்ச வேகம் 1/125 விநாடி. நண்பகலில் இது போதாது. 2016 ஜூனில் இதற்கு முன்னதாகவே அறிவிக்கப்பட்ட ஹாஸல்ப்ளாட் எக்ஸ்1டியில் சென்ஸார் அளவு இதே. ஷட்டர் மட்டும் லென்ஸுக்குள். 1/2000 விநாடிவரை ஃப்ளாஷ் ஒத்துப்போகும். ஆர்பஸின் பாதையில் நடக்க நினைப்பவன் இரண்டுக்கும் இடையே எதைத் தேர்வான் என்பது மெகாபிக்ஸலைப் பொறுத்த விஷயமே இல்லை.

மற்றக் கட்டுப்பாடுகள் எல்லாம் போய்விட்டன. இந்தக் காமிராவில் பின்திரையை மடக்கி வயிற்றிலிருந்தும் பார்க்கலாம், கண்ணில் வைத்தும் பார்க்கலாம். பிம்பம் நேராகவே தெரியும். விநாடிக்கு மூன்று படம். சதுரம் வேண்டுமென்றால் ஒரு பொத்தானில் சதுரம். ஆனால் அந்தச் சதுரம் ஒரு கோடுதான். ரா கோப்பில் கோட்டுக்கு வெளியே உள்ளதும் பத்திரமாக இருக்கும். துறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்வதுபோல. பழைய சதுரத்தில் வெளியே விட்டது வெளியேதான்.

இதைச் சொன்னதும், ‘ஆகவே ஃபிலிமுக்கே திரும்பிவிடவேண்டும்’ என்று சிலர் கிளம்புவார்கள். எனக்கு இந்தக் குரல் பழக்கமானது. 1959ல் ‘எழுத்து’ தொடங்கி, யாப்பை உதறிய கவிதைகள் அதில் வர ஆரம்பித்தபோது எழுந்த குரலும் இதுதான். கட்டுப்பாடு போயிற்று, இனி யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம் என்றார்கள். யார் வேண்டுமானாலும் எழுதவும் செய்தார்கள். உண்மைதான். ஆனால் யாப்பு போன பிறகு எழுதிய நல்ல கவிஞனுக்கு வேலை குறைந்ததா? வரி எங்கே முடியவேண்டும் என்பதை அதுவரை சீர்க்கணக்கு சொல்லிவந்தது. இனி ஒவ்வொரு வரிக்கும் அவனே காரணம் சொல்லவேண்டியதாயிற்று. வெளியிலிருந்த ஒழுங்கை உள்ளே எடுத்துக்கொள்ளாதவன் வெறும் வசனத்தை ஒடித்துப் போட்டான். டிஜிட்டல் மீடியம் ஃபார்மட் புகைப்படக்காரனை நிறுத்தியிருக்கும் இடம் இதுதான். பன்னிரண்டோடு நிறுத்தச் சொல்ல இனி சுருள் இல்லை. அவனே நிறுத்திக்கொள்ளவேண்டும். திரும்பிப்போவதால் தீரும் பிரச்னை இல்லை இது. வேண்டுமென்றே யாப்பில் எழுதும் இன்றைய கவிஞனைப்போல, வேண்டுமென்றே ஃபிலிமில் எடுப்பவனும் ஒரு தேர்வைத்தான் செய்கிறான். அவனுக்கு விதி என்று ஒன்று இப்போது கிடையாது.

முடிவு ஷட்டரை அழுத்தும் கணத்தில்தான் நிகழவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. தயானிதா சிங் பல ஆண்டுகள் ஆறுக்கு ஆறு சதுரத்தில் வேலை செய்தவர். 2022ல் ஹாஸல்ப்ளாட் விருது அவருக்குக் கிடைத்தது. ஆனால் அவரைத் தனித்துக் காட்டுவது படங்களைப் புத்தகமாகவும், மடக்கி நகர்த்தக்கூடிய மரச்சட்ட மியூசியங்களாகவும் அவர் அடுக்கும் முறை. எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம், எது உள்ளே மறைந்திருக்கவேண்டும் என்பதில் அவருடைய முடிவு இருக்கிறது. கணத்தில் எடுத்தாலும் பிறகு எடுத்தாலும், முடிவு என்று ஒன்று எடுக்கப்பட்டாகவேண்டும். அதை ஒத்திப்போட இந்தக் காமிரா அளிக்கும் வசதி அளவில்லாதது. அதனுடைய பெரிய அபாயமும் அதுவே.

4

இனி எனக்கு முக்கியமாகப்படும் விஷயத்துக்கு வருகிறேன். வெளுத்த வேட்டியும் மேல்துண்டுமாக உச்சி வெயிலில் நிற்கும் ஒரு கறுத்த மனிதனை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்களில் எந்தத் தெருவிலும் இருப்பவர். வேட்டி தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் நாலு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. அவர் தோல் பத்தில் ஒரு பங்கு அனுப்பினால் அதிகம். இதற்கே மூன்று ஸ்டாப் வித்யாசம். சூரியன் தலைக்கு மேலே இருப்பதால் கண்குழி நிழலில் கிடக்கிறது. இன்னும் மூன்று ஸ்டாப் போகட்டும். கலர் ஸ்லைடு ஃபிலிம் தாங்கும் அளவு ஐந்தாறு ஸ்டாப்தான். வேட்டியா, கண்ணா என்று அது கேட்கும். கறுப்பு வெள்ளை நெகடிவ் இரண்டையும் தாங்கும். ஆனால் அதை எடுக்க ஒரு விதி இருந்தது: நிழலுக்கு எக்ஸ்போஷர் கொடு, வெளிச்சத்தை டெவலப் செய்யும்போது பார்த்துக்கொள். 1940 வாக்கில் ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் வகுத்த ‘ஸோன்’ முறையின் அஸ்திவாரம் இதுதான். அதாவது நெகடிவ்காரன் முதலில் இருளுக்குப் படியளந்துவிட்டுப் பிறகு வெள்ளையைக் கவனித்தான்.

டிஜிட்டல் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. சென்ஸாரில் வெள்ளை நிரம்பி வழிந்துவிட்டால் போனது போனதுதான். எந்த வித்தையாலும் திரும்பாது. ஆகவே வெள்ளையை முதலில் காப்பாற்று, கறுப்பைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம் என்பது புதிய விதி. 14 பிட் கோப்பில் 16,384 படிகள். அவற்றில் பாதி, 8,192 படிகள், மிகப் பிரகாசமான ஒரே ஒரு ஸ்டாப்புக்குப் போய்விடுகின்றன. அடுத்த ஸ்டாப்புக்கு 4,096. இப்படிப் பாதிபாதியாகக் குறைந்து ஏழாவது ஸ்டாப்புக்கு வரும்போது 128. வேட்டிக்கு 8,192, கண்ணுக்கு 128. படிகளைவிடவும் பெரிய பிரச்னை, அங்கே வந்து சேரும் ஒளியே சொற்பம் என்பது. சொற்ப ஒளியில் புள்ளிபுள்ளியாக இரைச்சல் ஏறும். கறுப்பு முகத்துக்குக் கிடைப்பது பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவனுக்குக் கிடைப்பது.

இதில் யாருடைய சதியும் இல்லை, பௌதிகம்தான் என்று சொல்லிவிடலாம். அது முழு உண்மை ஆகாது. கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் கூடங்களுக்கு அனுப்பிவந்த நிற அளவுகோல் அட்டையில் பல பத்தாண்டுகள் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ‘ஷெர்லி’ அட்டை என்று அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்துவிட்டால் நிறம் சரி என்று அர்த்தம். கறுப்பின மக்களின் முகங்கள் அந்த அளவுகோலில் சேறாக விழுந்தன. பழுப்பு நிறத்தின் நுட்பங்கள் ஃபிலிமில் தேற ஆரம்பித்ததற்கு, சாக்லேட் தயாரிப்பவர்களும் மரச்சாமான் விற்பவர்களும் தங்கள் சரக்கு படத்தில் சரியாக வரவில்லை என்று புகார் செய்ததும் ஒரு காரணமாகப் பதிவாகியிருக்கிறது. மனிதத் தோல் செய்யமுடியாததை மேஜையும் சாக்லேட்டும் செய்தன.

நம்மிடம் அளவுகோல் அட்டைகூடத் தேவைப்படவில்லை. நம் ஸ்டூடியோக்கள் அதைவிடக் கறாரானவை. பவுடர் அப்பி உட்காரவைத்து, விளக்கை முகத்தில் கொட்டி, பிறகு நெகடிவில் பென்சிலால் தீட்டி, கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் சிவப்பாக்கிக் கொடுத்தன. இன்று அந்த வேலையைப் போனில் ஒரு பொத்தான், கேட்காமலே செய்துவிடுகிறது. ஒரு ஜனக்கூட்டம் தன் முகத்தின் நிஜமான நிறத்தை ஒரு படத்திலும் பார்க்காமலே தலைமுறைகளைக் கடத்தியிருக்கிறது. இதை அழகியல் பிரச்னை என்று மட்டும் சொல்லி ஒதுக்க என்னால் முடியவில்லை.

இந்த இடத்தில்தான் ஜி.எஃப்.எக்ஸ். 50எஸ் எனக்கு மதிப்புள்ளதாகிறது. வேட்டியின் நெசவு வழியாமல் எக்ஸ்போஷர் கொடுத்து, பிறகு இருட்டிலிருந்து அந்த முகத்தை மெல்ல எழுப்பினால், அது கசங்காமல் எழுந்து வருகிறது. கன்னத்தில் வியர்வையின் பளபளப்பு ஒரு கறுப்பு. கன்னத்துக்குக் கீழே தாடையின் நிழல் வேறொரு கறுப்பு. இரண்டுக்கும் இடையே நீலம் ஓடிய ஒரு பழுப்பு. இரண்டடிப் பிரிண்டில் கையெட்டும் தூரத்தில் நின்று பார்க்கும்போது, ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்கு எங்கே கடந்தோம் என்று கண்டுபிடிக்க முடியாத சரிவு அது. நல்ல 35 மி.மீ. காமிராக்களும் இன்று இதைச் செய்கின்றன என்பதை மறைக்கக்கூடாது. வித்யாசம் அந்த முக்கால் ஸ்டாப். ஆனால் பந்தியின் கடைசி வரிசையில் முக்கால் ஸ்டாப் என்பது முதல் வரிசையில் இருப்பதுபோல் அல்ல. அங்கே அது அரைச் சாப்பாட்டுக்கும் முழுச் சாப்பாட்டுக்கும் உள்ள வித்யாசம்.

ஆனாலும், எழுப்புவது நான்தான். காமிரா எழுப்பாது. காமிரா தானாகக் கொடுக்கும் படத்தில், வேட்டி சட்டத்தை நிரப்பியிருந்தால் முகம் கரியாக விழும். முகம் சட்டத்தை நிரப்பியிருந்தால் ஒளிமானி அதைச் சாம்பலாக வெளிறடிக்கும். அதன் கணக்கில் உலகம் முழுக்கச் சாம்பல். ஃபூஜிஃபில்ம் தன்னுடைய பழைய ஃபிலிம்களின் பெயரில் தயார்ப் பார்வைகளை உள்ளேயே வைத்திருக்கிறது: ப்ரோவியா, வெல்வியா, அக்ராஸ். வெல்வியா, பச்சையையும் சிவப்பையும் கூவவைத்த 1990ன் ஸ்லைடு ஃபிலிம். மலைக்கும் அஸ்தமனத்துக்கும் பேர்போனது. அதன் ஆவியை ஏற்றி நம் மனிதரின் முகத்தை எடுத்தால் அவர் செம்மண்ணாகிவிடுவார். ஒரு ஃபிலிமின் ரசனை எந்த நிலத்தில், எந்தத் தோலுக்காக உருவானது என்று கேட்காமல் பொத்தானை அழுத்துபவன் இரவல் கண்ணால் பார்க்கிறான். இந்தக் கோப்பில் எல்லாம் இருக்கிறது. அந்த மனிதர் எவ்வளவு கறுப்பு என்பதை, அவரைப் பார்த்தவன் என்ற முறையில் நான் சொல்லியாகவேண்டும்.

5

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஃபோகஸ் முறை நிதானமானது. மங்கலான வெளிச்சத்தில் தேடித் தடுமாறும் வகை. உடலில் ஆட்டத்தைத் தாங்கும் ஏற்பாடு இல்லை. ஐம்பது மெகாபிக்ஸல் என்பது கை நடுக்கத்தையும் ஐம்பது மெகாபிக்ஸலில் காட்டும். 1/125க்குக் கீழே போனால் முக்காலியைத் தேடவேண்டும். ஓசையில்லாத மின்னணு ஷட்டர் சட்டத்தை மேலிருந்து கீழாகப் படித்துமுடிக்கக் கால் விநாடி அளவில் எடுத்துக்கொள்வதால், அசையும் எதுவும் சாய்ந்து வளையும். சென்ஸாரின் முன் நுண்வரிகளைத் தணிக்கும் வடிகட்டி கிடையாது. ஆகவே நெருக்கமான நெசவுள்ள துணியில், பட்டில் குறிப்பாக, இல்லாத நிறக்கோலங்கள் தோன்றலாம். கூத்து, ஊர்வலம், சண்டை இவற்றுக்கு இது ஆகாது. 2019க்குப் பிறகு வந்த நூறு மெகாபிக்ஸல் காமிராக்களில் ஃபோகஸும் ஆட்டம் தாங்குவதும் வெகுவாகத் தேறிவிட்டன. அவசரமாக வேலை செய்பவர் அங்கே போகலாம். 16 பிட் என்று அவற்றில் எழுதியிருப்பதைக் கண்டு மட்டும் யாரும் மயங்கவேண்டாம். கூடுதலான அந்தப் படிகளில் பெரும்பாலும் இரைச்சல்தான் குடியிருக்கும்.

யாருக்கு இது? நிற்கும் மனிதர்களை, நிற்க இசைந்த மனிதர்களை எடுப்பவருக்கு. இரண்டடிக்குக் குறையாத பிரிண்டைச் சுவரில் மாட்டி மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டப்போகிறவருக்கு. தயார்ப் பார்வைகளை ஒதுக்கிவிட்டு, ஒரு முகத்தின் நிறத்துக்காக ஒரு மாலைப்பொழுதைச் செலவழிக்கக்கூடியவருக்கு. இம்மூன்றும் இல்லாதவர் வாங்கினால் அவரிடம் என்ன இல்லை என்பதை அது இருபத்தேழு அங்குலத்துக்குப் பெருக்கிக் காட்டும். பணமில்லாத இளைஞனுக்கு நான் சொல்வது: 24 மெகாபிக்ஸல் கொண்ட ஒரு பழைய 35 மி.மீ. காமிரா இருபது அங்குலப் பிரிண்ட் கொடுக்கும். அதில் இருளைக் கையாளக் கற்றுக்கொள். முக்கால் ஸ்டாப் போதவில்லை என்று உனக்கு நிஜமாகவே தோன்றும் நாளில் இந்தக் காமிராவைத் தேடு. அந்த நாள் வராமலும் போகலாம். அதனால் ஒன்றும் குடிமுழுகிப்போகாது.

நம்மிடம் இந்த வகைக் காமிராக்கள் இல்லாமலில்லை. கல்யாணங்களிலும் நகைக்கடை விளம்பரங்களிலும் அவை வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. பெரும்பாலும் முகங்களை வெளுக்க. இல்லாதது, அவற்றைக்கொண்டு எடுத்த ஒரு படத்தின் முன் நின்று, இந்த நிழல் ஏன் இவ்வளவு கறுப்பு, இந்தக் கை ஏன் சட்டத்துக்கு வெளியே போயிற்று என்று கேட்டுச் சண்டைபோடும் ஒரு சிறு வட்டம். கவிதைக்கு அப்படி ஒரு வட்டத்தை இம்மாதிரிப் பத்திரிகைகள்தான் உண்டாக்கின. அடுத்த முறை இங்கே புகைப்படத்தைப் பற்றிப் பேச நேர்ந்தால் காமிராவை ஓரமாக வைத்துவிட்டுப் படங்களை வைத்துப் பேசலாம் என்பது என் ஆசை. அதற்கு முதலில் படங்கள் வரவேண்டும். எடுத்தவர் பெயரோடு.